அப்பாவோட மெடல் பேசும்

கேள்வி: எங்கப்பா மெட்ராஸ் ரெஜிமெண்ட்ல இருந்து ரிட்டயர் ஆனவர், போன மாசம் தவறிட்டார். எங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் காலைல தந்தி மாரியம்மன் கோயிலுக்குப் போயிட்டு வந்து எங்க நெத்தில விபூதி வைக்கிற அப்பாதான், சண்டையப் பத்தி வாயே திறந்ததில்ல. ட்ரங்க் பெட்டில மெடல் இருக்கு. நினைவு நாள்ல என்ன பேசறது? – வாசகி, குன்னூர்

பதில்: அந்த மெடல்ல இருக்கற எழுத்தப் படிங்கம்மா. பூர்வி ஸ்டார்னா 1971 பாகிஸ்தான் போர்ல கிழக்கு முனை, பஸ்சிமி ஸ்டார்னா மேற்கு முனை. பட்டாளத்துலேருந்து ரிட்டயர் ஆகும்போது குடுக்கற டிஸ்சார்ஜ் புக் கிடைச்சா சேர்ந்த தேதி, ரேங்க் எல்லாம் தெரிஞ்சுடும். 1758ல தொடங்கின ரெஜிமெண்ட் அது, "வீர மதராசி, அடி கொல்லு"ன்னு முழங்கிட்டு முன்னேறுற பட்டாளம், அங்க நின்னுட்டு வந்த மனுஷன் வீட்டுல சாமி கும்பிட்டு புள்ளைங்களுக்கு விபூதி வச்சாருன்னா எனக்கு அதுதான் பெருசாத் தெரியுது, அதையே முதல்ல சொல்லுங்க. சண்டையப் பத்தி நீங்களா எதையும் சேர்த்துச் சொல்ல வேணாம். வெலிங்டன், அருவங்காடு பக்கம் அவரோட பட்டாளத்து கூட்டாளிங்க இருந்தா கண்டிப்பா கூப்பிடுங்க, உங்ககிட்ட சொல்லாதத அவங்ககிட்ட பேசியிருப்பாரு. அப்புறம், அம்மாவோட ஃபேமிலி பென்ஷன் வேலையத் தள்ளிப்போடாதீங்க, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல போய்க் கேளுங்க.