மகாசி முறை தியான முகாமுக்குப் போனதால் 20 நாள் விபாசனா தியான முகாம் மறுக்கப்பட்டால்

நிரந்தரத் தடை இல்லை, திரும்ப விண்ணப்பிக்கலாம். எஸ். என். கோயங்கா கற்பித்த விபாசனா மரபில் 20 நாள் முகாமுக்கு ஐந்து 10 நாள் முகாம், ஒரு சதிபட்டான முகாம் (புத்தரின் சதிபட்டான சூத்திரத்தைக் கேட்டபடி செய்யும் தியான முகாம்), ஒரு முகாமில் சேவை மட்டும் போதாது. குறைந்தது 2 ஆண்டு இந்த முறையை மட்டுமே தினமும் செய்திருக்க வேண்டும். நீங்கள் இடறியது பெரும்பாலும் இங்கேதான்.

இரண்டு முறையுமே பர்மாவில் பிறந்தவைதான். ஆனால் மகாசி சயாதோ என்ற பர்மியத் துறவியின் முறை வயிற்றின் எழுச்சி தாழ்ச்சியில் தொடங்குகிறது, கோயங்கா முறை மூச்சிலிருந்து உடல் முழுக்க எழும் உடல் உணர்வுகளுக்குப் போகிறது. நீண்ட மௌனத்தில் இரண்டுக்கும் நடுவே தாவினால் எதுவும் ஊன்றாது என்பது கோயங்கா மரபினர் வாதம். நியாயமானதும்கூட.

அந்த 2 ஆண்டு எந்தத் தேதியிலிருந்து கணக்கு என்று கோயங்கா முகாம்களை நடத்தும் உதவி ஆசிரியரிடம் கேளுங்கள். மகாசி முகாமை மறைத்து மட்டும் விண்ணப்பிக்காதீர்கள்.