ஓட்டு எண்ணும் கணக்கு: ஆராய்ச்சிக்கு வர நினைப்பவர்களுக்குக் கேள்வி பதில்

மதுரை, சுற்றுவட்டாரக் கல்லூரி மாணவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நான் மேலூர்ப் பக்கத்துக்காரி. பலருடைய விருப்பங்களை ஒரே முடிவாக்கும் அல்காரிதங்களில் ஆராய்ச்சி செய்கிறேன். ஓட்டு எண்ணும் முறை, சீட் ஒதுக்கீடு, பங்கு பிரிப்பு எல்லாம் இதில் வரும். ஆங்கிலத்தில் ‘கம்ப்யூட்டேஷனல் சோஷியல் சாய்ஸ்’, துறைக்காரர்கள் சுருக்கமாக ‘காம்சாக்’ என்பார்கள்.

திருமங்கலம், பி.எஸ்சி. கணிதம்: அக்கா, எனக்குக் கோடிங் சுமார்தான். இந்தத் துறைக்கு வர முடியுமா?

தாராளமாக வரலாம் தம்பி. இங்கே முதல் தேவை நிரூபணம் எழுதும் பழக்கம். மூன்று நண்பர்கள் சுற்றுலா போக ஊர் முடிவு செய்கிறார்கள். ஒருவருடைய வரிசை கொடைக்கானல், குற்றாலம், ராமேஸ்வரம். அடுத்தவர் குற்றாலம், ராமேஸ்வரம், கொடைக்கானல் என்கிறார். மூன்றாமவர் ராமேஸ்வரம், கொடைக்கானல், குற்றாலம் என்கிறார். இரண்டிரண்டு ஊராக எடுத்து ஓட்டுப் போடுங்கள். கொடைக்கானல் குற்றாலத்தை வெல்லும், குற்றாலம் ராமேஸ்வரத்தை வெல்லும், ராமேஸ்வரம் கொடைக்கானலை வெல்லும். எல்லாமே இரண்டுக்கு ஒன்று. பிரான்சில் கொண்டோர்செ 1785-லேயே இந்தச் சிக்கலை எழுதிவிட்டார்.

1951-ல் கென்னத் ஆரோ இன்னும் ஆழமாகப் போனார். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வேட்பாளர்கள் இருந்தால், நியாயம் என்று நமக்குத் தோன்றும் சில எளிய நிபந்தனைகளை ஒருசேர நிறைவேற்றுவது ஒரே ஆளின் விருப்பத்தை அப்படியே ஏற்கும் முறை மட்டும்தான் என்று நிரூபித்தார். கணினிக்காரர்கள் அப்புறம் வந்தார்கள். 1989-ல் பார்த்தோல்டி, டோவி, டிரிக் மூவரும், லூயிஸ் கரோல் என்ற பெயரில் கதை எழுதிய கணித ஆசிரியர் டாட்ஜ்சனின் தேர்தல் முறையை எடுத்துக்கொண்டார்கள். அதில் வென்றவர் யார் என்று கணக்கிடுவதே என்பி-கடினம் என்று காட்டினார்கள். ஓட்டெல்லாம் கையில் இருந்தும் முடிவைச் சீக்கிரம் சொல்ல வழி தெரியாத தேர்தல் அது!

சுற்றுலாக் கணக்கைப் படித்ததும் ‘நாலு பேர் இருந்தால் என்ன ஆகும்?’ என்று நோட்டை எடுத்திருந்தால், நீங்கள் இந்தத் துறைக்கான ஆள்.

அனுப்பானடி, பி.இ. கணினி: எங்கே பிஎச்.டி. சேரலாம்? உதவித்தொகை எவ்வளவு?

சென்னையில் சிறுசேரியில் சென்னைக் கணிதக் கழகம் (சிஎம்ஐ), தரமணியில் கணித அறிவியல் நிறுவனம், கிண்டியில் ஐஐடி. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம். பொருளாதாரத் திசையிலிருந்து வருவதானால் டெல்லி இந்தியப் புள்ளியியல் நிறுவனம். சிஎம்ஐயும் இந்தியப் புள்ளியியல் நிறுவனமும் தனியாக நுழைவுத் தேர்வு நடத்துகின்றன, மற்ற இடங்களுக்கு கேட், ஜெஸ்ட் தேர்வுகள் என்று மாறும். ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை) 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். நிறுவனத்தின் பெயரைப் பார்த்து மட்டும் சேராதீர்கள். வழிகாட்டியின் கடைசி ஐந்து கட்டுரைகளைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பாலமேடு, எம்.சி.ஏ.: ஜல்லிக்கட்டு டோக்கன் ஒதுக்குவதை ஆராய்ச்சியாகச் செய்யலாமா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றில் ஓர் ஊருக்குத்தான் விண்ணப்பிக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். எல்லார் மனசும் அலங்காநல்லூர் பக்கம். ஆனால் ‘அங்கே கூட்டம் அம்மும், பாலமேட்டுக்குப் போட்டால் கிடைத்துவிடும்’ என்று கணக்குப் போடுகிறவர் ஆசையை மறைத்து எழுதுவார். விவரம் தெரியாதவர் மனசில் இருப்பதை எழுதிவிட்டு, எங்கேயும் இடமில்லாமல் நிற்பார். அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளிச் சேர்க்கையிலும் கிட்டத்தட்ட இதே கோளாறு. 2005-ல் அந்த முறையைக் கைவிட்டார்கள்.

மாற்று வழி இது. மூன்று ஊரையும் விருப்ப வரிசையில் எழுதச் சொல்லுங்கள். எல்லாருக்கும் குலுக்கலில் ஓர் எண். எண் வரிசைப்படி ஒவ்வொருவரையும் எடுத்து, அவர் பட்டியலில் மேலே இருப்பதில் இன்னும் இடம் இருக்கும் ஊரைக் கொடுங்கள். இதில் பொய் எழுதிப் பயனே இல்லை. நீங்கள் என்ன எழுதினாலும் உங்கள் எண் மாறாது. உங்கள் முறை வரும்போது மிச்சமிருப்பதில் நீங்கள் சொன்ன சிறந்ததுதான் கிடைக்கும். பொய் சொன்னால் நஷ்டம் உங்களுக்கே.

இதுவரை தெரிந்த கணிதம். கோயில் காளைக்கு முதல் மரியாதை உண்டே, அதை எப்படிச் சேர்ப்பது? ஒரே வீட்டுக்காரர் நாலு பெயரில் விண்ணப்பித்தால்? போன வருஷம் கிடைக்காதவருக்கு இந்த வருஷம் முன்னுரிமை தந்தால், பொய்க்கு மறுபடி வாசல் திறக்குமா? ஒவ்வொன்றும் ஓர் ஆய்வுக் கேள்வி. காளை வளர்ப்பவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள், எனக்கும் எழுதுங்கள்.

கே.கே. நகர், எம்.ஃபில். முடித்தவர்: ஒரு மாதத்தில் கட்டுரை வெளியிட்டுத் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார்…

கொடுக்காதீர்கள். இந்தத் துறையின் முக்கியக் கட்டுரைகள் பெரும்பாலும் மாநாடுகளில் வருகின்றன. காசு வாங்கிக்கொண்டு போடும் இதழில் வந்த கட்டுரை உங்கள் பெயரோடு கடைசிவரை ஒட்டிக்கொள்ளும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை கட்டாயம் என்ற விதியையும் யுஜிசி 2022-லேயே எடுத்துவிட்டது.

திருப்பரங்குன்றம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: ஆயிரம் வருஷம் முன்பே குடவோலையில் ஓட்டுப் போட்டவன் தமிழன். நீங்கள் ஏன் வெளிநாட்டார் பெயராகவே சொல்கிறீர்கள்?

ஐயா, உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் முதலாம் பராந்தகன் காலத்தவை, 919, 921. முப்பது குடும்பிலும், அதாவது ஊரின் முப்பது பகுதியிலும், தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டார்கள். விவரம் அறியாத சிறுவன் ஒருவன் எடுத்தான். அது குலுக்கல். யாருக்கு யார் வேண்டும் என்று எவரையும் கேட்கவில்லை. கென்னத் ஆரோ கேட்டது வேறு கேள்வி.

அதே ஆசிரியர்: அப்படியானால் அதைக் குறைவு என்கிறீர்களா?

இல்லவே இல்லை ஐயா. மூன்று ஆண்டுக்குள் வாரியத்தில் இருந்தவருக்கு மறுபடி இடமில்லை. கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் இடமில்லை. பதவியை ஒரே கையில் தங்கவிடாத ஏற்பாடு அது. குலுக்கலில் குடிமக்கள் மன்றம் அமைப்பது இன்று சூடான ஆய்வுப் பொருள். எடுக்கப்படும் வாய்ப்பு ஒவ்வொருவருக்கும் முடிந்தவரை சமமாக இருக்க என்ன செய்வது என்று 2021-ல் ‘நேச்சர்’ இதழிலேயே கட்டுரை வந்தது. ஆனால் நிலமில்லாதவர் பெயர் அந்தக் குடத்துக்குள் போகவே இல்லை. அதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

சோழவந்தான், எம்.ஏ. தமிழ்: அகநானூறு 77-இல் மதுரை மருதன் இளநாகனார் குடத்து ஓலையைச் சொல்கிறாரே அக்கா?

சொல்கிறார். கயிற்றால் கட்டிய குடத்தின் முத்திரையை உடைத்து ஓலை எடுப்பதை உவமையாக வைக்கிறார். எதற்கான ஓலை, எப்படி முடிவு செய்தார்கள் என்ற விவரம் பாட்டில் இல்லை. இருப்பதற்கு மேல் கட்டாதீர்கள். நெல்லைப் பக்கம் மானூர்க் கல்வெட்டைப் படியுங்கள். பாண்டியர் காலத்தில் சபை உறுப்பினருக்கு என்ன தகுதி என்று அதில் இருக்கிறது. தமிழ் படித்த நீங்களும் ஒரு கணிதக்காரரும் சேர்ந்து இதில் எழுதினால் நன்றாக வரும்.

பைபாஸ் ரோடு: எங்கே பிஎச்.டி. சேரலாம்?

மேலே எழுதியிருக்கிறேன்.

வில்லாபுரம்: மின்னணு வாக்கு இயந்திரத்தை நம்பலாமா?

அது பாதுகாப்புப் பொறியியல், என் துறை இல்லை. அந்தத் துறை ஆளைக் கேளுங்கள்.

ஆரப்பாளையம்: பிஎச்.டி. எங்கே? சீக்கிரம் கட்டுரை போட வழி உண்டா?

இரண்டுக்கும் மேலே பதில் இருக்கிறது. காசு கொடுக்காதீர்கள்.

வாடிப்பட்டி, பள்ளி ஆசிரியை: வயது 31. முழுநேரம் படிக்க இப்போது முடியாது. எங்கிருந்து தொடங்க?

வயது தடையில்லை அம்மா. 2016-ல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட காம்சாக் கையேட்டின் பிடிஎஃப் இணையத்தில் இலவசம். ஓட்டு முறைகள் பற்றிய தொடக்க அத்தியாயங்களை மட்டும் எடுங்கள். விடுமுறை நாளில் புதுநத்தம் சாலைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்தால் தொந்தரவில்லாமல் படிக்கலாம். நிரூபணத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு நீங்களே எழுதிப் பாருங்கள். ‘பிரெஃப்லிப்’ தளத்தில் உண்மையான தேர்தல்களின் விருப்ப வரிசைகள் கிடைக்கும், அவற்றில் விதிகளை ஓட்டிப் பார்க்கலாம். அப்புறம் ஓர் ஆராய்ச்சியாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பொதுவாக ‘ஆர்வம் உண்டு’ என்று எழுதினால் பதில் வருவது அரிது. எந்த நிரூபணத்தில், எந்த வரியில் சிக்கிக்கொண்டீர்கள் என்று எழுதுங்கள்.