மார்கழியில் மதுரையிலிருந்து போய், மீனவர் குடியிருப்புகளைக் கடந்து கடலோரம் நடக்க நல்ல வழி உண்டா?

உண்டு, தனுஷ்கோடி. ஆனால் வேன் பிடித்துப் போய், நிலம் முடியும் அரிச்சல்முனையில் படம் எடுத்துக்கொண்டு திரும்பாதீர்கள். ராமேஸ்வரத்திலிருந்து போகும் வழியிலுள்ள முகுந்தராயர் சத்திரத்தில் இறங்கி, முனை வரையுள்ள 9.5 கிலோமீட்டரையும் நடந்துவிடுங்கள். மாட்டுத்தாவணியில் முந்தின இரவே பஸ் ஏறினால் வெயிலுக்கு முன் பாதித் தூரம் முடிந்துவிடும்.

மார்கழி, தை மாதங்களில் தென்கரையோரமாக நடப்பது நல்லது. வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் அங்கே சொல்வார்கள். மற்ற நாட்களில் சீறுவது ஆண்கடல். வாடைக்காற்று வீசும் இந்த மாதங்களில் வடக்கே பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்க, தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் அடங்கிக் கிடக்கும். அதனால் கரைவலைக்காரர்களும் இந்தப் பக்கம் வந்துவிடுகிறார்கள். போன தை மாதம் ஒரு வலையின் கயிற்றை அவர்களோடு சேர்ந்து பிடித்தேன். இரண்டு முனைகளிலும் ஆட்கள் நின்று மணிக்கணக்கில் இழுக்கிறார்கள். மீன் சேரும் பையான மடி கரையேறியபோது உள்ளே இருந்தது இரண்டு கூடை சூடை மீன்தான். அத்தனை பேருக்கும் அதிலிருந்துதான் பங்கு.

எனக்கு மறக்காதது, வழியிலுள்ள மீனவர் குடியிருப்பான கம்பிப்பாட்டில் பார்த்த ஊற்று. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் மணலைத் தோண்டி, ஒரு அம்மா சிரட்டையால் நீரை மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். "குடித்துப் பார் தம்பி" என்று நீட்டினார். துளியும் உப்பில்லை. மணலில் இறங்கும் மழைநீர் கனம் குறைந்தது என்பதால், அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். அளவு தெரிந்த கை வேண்டும். வறண்ட வைகை மணலில் ஊற்றுப் பறித்துத் தண்ணீர் எடுத்ததைப் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். அதே வேலையைக் கடற்கரையில் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை. 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்த இடம் அது. அங்கே இன்றும் குடும்பங்கள் இருக்கின்றன என்றால் இந்த ஊற்றுக்கும் அதில் பங்குண்டு.

வழியில் நிழல் கிடையாது, தொப்பி அவசியம். முனையில் நீரோட்டம் கடுமை, கடலில் இறங்காதீர்கள். இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். குடிக்கத் தண்ணீரை நீங்களே கொண்டுபோங்கள். ஊற்றுக்கு அருகில் போனால் செருப்பைக் கழற்றிவிடுங்கள்.