குறுக்கெழுத்துப் புதிருக்கு உதவி கேட்கலாமா?

கேள்வி: நாளிதழில் வரும் குறுக்கெழுத்துப் புதிரை நாள்தோறும் போட்டுப் பார்க்கிறேன். பாதிக் கட்டங்கள் நிரம்பியதும் மேலே நகர முடியாமல் நின்றுவிடுகிறேன். அதன்பின் வீட்டில் இருப்பவர்களைக் கேட்பதும் கைப்பேசியில் தேடுவதும் ஏமாற்று வேலை ஆகுமா? உதவி இல்லாமல் முடிப்பதற்கு வழி இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: உதவி கேட்பதில் தவறேதும் இல்லை. ஆர்தர் வின் என்பவர் 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழின் ஞாயிறு இணைப்பில் இவ்வகைப் புதிரின் முதல் வடிவத்தை வெளியிட்டார். 1920களில் அமெரிக்கா முழுவதும் இந்தப் பழக்கம் பரவியபோது, பால்டிமோர் - ஒஹாயோ ரயில் நிறுவனம் பயணிகளின் வசதிக்காகத் தன் ரயில்களில் அகராதிகளையே வைத்தது. ஆகவே துணை தேடும் வழக்கமும் ஏறக்குறைய புதிரின் வயதே உடையது. நாம் என்ன கேட்கிறோம் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. விடையையே கேட்டு வாங்கினால் அந்த ஒரு வரிசை நிரம்புவதோடு சரி, "மூன்றாவது எழுத்து எதுவாக இருக்கும்?" என்று மட்டும் கேட்டால், மீதியைக் கண்டுபிடிக்கும் மகிழ்ச்சி உங்களிடமே இருக்கும். வீட்டாரிடம் அப்படிக் கேட்டுப் பழகுங்கள் என்பதே என் பரிந்துரை.

அவர்களைக் கேட்பதற்கு முன்னால், கட்டங்களில் ஏற்கெனவே விழுந்திருக்கும் எழுத்துகளை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். தமிழ்ப் புதிரில் க், கி, கீ, கை ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டத்துக்கு உரியவை. எனவே குறுக்கே வரும் ஒரே எழுத்து மெய்யையும் உயிரையும் சேர்த்தே காட்டிக் கொடுத்துவிடுகிறது. அதிலும் புள்ளி வைத்த எழுத்து கிடைத்தால் அதைப் பெரும்பேறாகக் கருதலாம். க், ச், த், ப் ஆகியவற்றுக்குப் பின்னால் தமிழ்ச் சொற்களில் அதே வரிசை எழுத்தே வரும். ங் என்றால் அடுத்தது ககர வரிசை. ந் என்றால் பெரும்பாலும் தகர வரிசை. இங்ஙனம், அங்ஙனம் போன்ற ஒரு சில சொற்களும், சக்தி, சப்தம் போன்ற வடசொற்களும் இதற்கு விலக்கு. பள்ளியில் மெய்ம்மயக்கம் என்று மனப்பாடம் செய்துவிட்டு மறந்த அந்த இலக்கணம் இவ்வளவு கைகொடுக்கும் இடம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

'ஆடுபவர் காலில் கட்டிக்கொள்வது' என்ற குறிப்புக்கு நான்கு கட்டங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சிலம்பு, சலங்கை, சதங்கை ஆகிய மூன்றுமே நான்கெழுத்துச் சொற்கள்; மூன்றுமே பொருந்துகின்றன. முதலில் நினைவுக்கு வந்ததைப் பேனாவால் எழுதிவிடுவதால்தான் பலருக்கும் புதிர் பாதியில் நிற்கிறது. மேலிருந்து கீழாக வரும் ஒரு சொல் மூன்றாவது கட்டத்தில் ங் என்று காட்டினால் சிலம்பு விலகிவிடும், நான்காவது கட்டம் ககர வரிசை என்பதும் உறுதியாகும். இரண்டாவது கட்டத்தில் லகரமா தகரமா என்று தெரியும்வரை அதைக் காலியாக விட்டுவிட்டு, அதன் வழியே செல்லும் மற்றொரு சொல்லைத் தேடுங்கள். உங்களுக்குத் தேவைப்படும் உதவி அந்த ஓர் எழுத்துக்கானது மட்டுமே.

பிழையைக் கண்டுபிடிப்பதற்கும் இதே விதிகள் பயன்படும். ஒரு சொல்லின் முதல் கட்டத்தில் புள்ளி எழுத்தோ, ண, ழ, ள, ற, ன வரிசை எழுத்தோ விழுந்தால், அதைக் குறுக்கே வெட்டிச் செல்லும் சொல்லை நீங்கள் தவறாக எழுதியிருக்கிறீர்கள் என்று பொருள். சொல்லின் கடைசியில் க், ச், ட், த், ப், ற் நின்றாலும் அப்படியே ஐயப்பட வேண்டும். பிறமொழிப் பெயர்களில் மட்டும் இது செல்லாது.

கேள்வி: 'வலமிருந்து இடம்', 'குழம்பியுள்ளது' என்றெல்லாம் வரும்போது தடுமாறிப் போகிறேன். என்ன செய்யலாம்?

பதில்: வலமிருந்து இடமாகவோ கீழிருந்து மேலாகவோ வரும் சொல்லைக் கட்டத்தில் வைத்தே யோசிக்காதீர்கள். தெரிந்த எழுத்துகளையும் காலி இடங்களையும் வேறொரு தாளில் வழக்கமான வரிசைக்கு மாற்றி எழுதினால் தடுமாற்றத்தில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும். முதலெழுத்து, கடைசியெழுத்து பற்றி மேலே சொன்ன விதிகளையும் அப்படி மாற்றி எழுதிய பிறகே பொருத்திப் பார்க்க வேண்டும்.

எழுத்துகள் இடம் மாறிக் குழம்பிய சொற்களில் புள்ளி எழுத்துகளை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். 'வீட்டார் அனைவரும் (குழம்பியுள்ளது)' என்ற குறிப்புக்கு ஐந்து கட்டங்கள்; குறுக்குச் சொற்களிலிருந்து ம், ப, கு, ம் ஆகிய நான்கு எழுத்துகள் கிடைத்துவிட்டன. மகர மெய் சொல்லின் முதலில் வராது. இருப்பவற்றுள் அதன் பின்னே நிற்கத் தக்கது பகரம் மட்டுமே. ஆகவே ஒரு மகர மெய் பகரத்தோடு இணைய, மற்றொன்று கடைசி இடத்துக்குப் போகும். 'ம்பம்' என்று முடிவதும் 'கு' என்று தொடங்குவதும் தெரிந்த பின், இடையில் நிற்கும் டுகரத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேள்வி: எந்த அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்?

பதில்: முதலெழுத்து தெரிந்திருந்தால் எந்த நல்ல அகராதியும் போதும். முதலெழுத்து தெரியாமல் இரண்டாம் எழுத்து மட்டும் தெரிந்திருக்கும்போது வழக்கமான அகராதியால் பயன் குறைவு. அதற்கு, 1732ஆம் ஆண்டில் வீரமாமுனிவர் முடித்த சதுரகராதியின் நான்காம் பகுதியான தொடையகராதியைப் பாருங்கள். செய்யுள் எழுதுவோருக்காக எதுகைச் சொற்களைத் திரட்டித் தரும் பகுதி அது. எதுகை இரண்டாம் எழுத்தைப் பற்றியது என்பதால் புதிர் போடுவோருக்கும் அப்படியே பொருந்துகிறது. அதில் பழஞ்சொற்கள் மிகுதி. அன்றாடச் சொற்களுக்குத் தற்கால அகராதி ஒன்றும் உடன் இருக்கட்டும்.

மறுநாள் விடை வெளியானதும், நீங்கள் தவறவிட்ட சொற்களை அவற்றின் குறிப்புகளோடு சேர்த்து ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். சிறிய கட்டங்களை நிரப்பக் கூடிய மூன்றெழுத்து, நான்கெழுத்துச் சொற்கள் எண்ணிக்கையில் அளவானவை. அவையே சற்று மாறிய குறிப்புகளோடு திரும்பவும் வரும்.