சுவர் கொடுத்த கல்லூரிகள்

கேள்வி: அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்காகத் தொடங்கப்பட்ட கல்லூரிகள் ஓவியர்களுக்கு என்ன செய்தன?

பதில்: நிறப் பிரிவினை நிலவிய தென் மாநிலங்களில், கறுப்பின ஓவியருக்குப் படம் மாட்ட ஒரு சுவர் கிடைப்பதே பெரும்பாடு. அப்படித் தொடங்கப்பட்ட அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் கறுப்பின ஓவியர் ஹேல் உட்ரஃப் 1942-ல் தொடங்கிய ஆண்டுக் கண்காட்சி 1970 வரை நடந்தது. பரிசு பெற்ற படங்களைப் பல்கலைக்கழகமே வாங்கிக்கொள்ளும். ஓவியருக்குக் கையில் காசு, மாணவருக்குக் கண்முன்னே நிலையான சேகரிப்பு. என்னைக் கேட்டால், பாடத்திட்டத்தைவிட இதுதான் பெரிய உதவி.

அலபாமாவில் உள்ள இன்னொரு கறுப்பினக் கல்லூரியான டல்லடேகாவின் நூலகத்துக்கு உட்ரஃப் வரைந்த ஆறு சுவரோவியங்களில் மூன்று, அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்கர்கள் 1839-ல் அமிஸ்டாட் கப்பலில் செய்த கிளர்ச்சியைச் சொல்பவை. முதல் படத்தில் கரும்பு வெட்டும் கத்திகள் ஓங்கி நிற்கும். நேரே சுவரில் தீட்டாமல் கேன்வாஸில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். அதனால்தான் பின்னாளில் கழற்றிச் சீர்செய்து, ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்ட முடிந்தது.