பூஞ்சையும் மூச்சுக்குழாயும்: கேள்வி பதில்

மூச்சுக்குழாய்ச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பது என் வேலை. பூஞ்சை அலர்ஜி பற்றி வந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்தவரை பதில் தருகிறேன். மருந்தை மாற்றுவதெல்லாம் உங்கள் டாக்டரைக் கேட்டுத்தான்.

கேள்வி: மேடம், அலர்ஜி என்றால் ரத்தத்தில் இருக்கும் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதம்தானே? மூச்சுக்குழாயின் உள்பக்கச் செல்களுக்கு இதில் என்ன வேலை?

பதில்: ஐஜிஇ முக்கியம்தான். ஆனால் பூஞ்சை முதலில் தொடுவது இந்தச் செல்களைத்தான். சளியை மேலே தள்ளும் மயிரிழை செல்களும், சளி சுரக்கும் செல்களும் நெருக்கமாக ஒட்டி நிற்கும் ஒரு மெல்லிய வரிசை அது. தூசியைத் தடுக்கும் சுவர் என்று மட்டும் அதை நினைத்துவிடக் கூடாது.

ஆல்டர்நேரியா என்ற பூஞ்சையை எடுத்துக்கொள்வோம். அழுகும் இலைகளிலும் தானியப் பயிர்களிலும் கருமையாகப் படர்வது. அதன் சாற்றை மனித மூச்சுக்குழாய்ச் செல்கள் மேல் விட்டால், சில நிமிடங்களிலேயே செல்லுக்குள் இருக்க வேண்டிய ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு வெளியே கசிகிறது. ஏடிபி வெளியில் இருந்தாலே உடலுக்கு அது ஆபத்தின் அடையாளம். உடனே செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது. உட்கருவில் சேமித்து வைத்திருந்த ஐஎல்-33 என்ற அபாயச் செய்திப் புரதம் வெளியேறுகிறது. அதைப் பிடித்துக்கொள்ளும் ஐஎல்சி-2 என்ற எதிர்ப்புச் செல்களுக்கு ஐஜிஇ தேவையே இல்லை. அவை விடும் செய்திப் புரதங்களில் ஐஎல்-5, ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்களை வரவழைக்கிறது, ஐஎல்-13 சளியைப் பெருக்குகிறது. வீசிங்குக்கான ஏற்பாடு இங்கேயே தொடங்கிவிடுகிறது!

கேள்வி: மகரந்தத்தைவிட பூஞ்சை மோசமா?

பதில்: ஒரு விஷயத்தில் ஆமாம். மகரந்தம் நுரையீரலில் குடியேறி வளராது. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகாட்டஸ் என்ற பூஞ்சை வளரும், 37 டிகிரி அதற்குத் தோதான வெப்பம். அதன் வித்து 2 முதல் 3 மைக்ரான்தான், ஆழம்வரை போய்விடும். காய்ந்த வித்தின் மேல் ஒரு புரத உறை இருக்கிறது. அது இருக்கும்வரை எதிர்ப்புச் செல்கள் கண்டுகொள்வதில்லை. 2009-ல் வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. ஈரம் பட்டு வித்து ஊதினால் உறை கழன்று, உள்ளிருக்கும் பீட்டா குளூக்கான் என்ற சர்க்கரைப் பொருள் எதிர்ப்புச் செல்களுக்குத் தெரியும். முளைக்கும்போது புரதங்களை வெட்டும் நொதிகளையும் விடும், செல்களுக்கு இடையிலான ஒட்டு அவற்றால் தளர்கிறது.

கேள்வி: உயிருக்கே ஆபத்தாகுமா?

பதில்: அரிதாக, ஆகும். 1991-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள், ஆஸ்துமாவில் மூச்சே நின்றுபோன 11 இளம் நோயாளிகளை ஆராய்ந்தார்கள். 10 பேருக்கு ஆல்டர்நேரியா அலர்ஜி இருந்தது. அந்த வித்து காற்றில் அதிகமாகும் கோடை, இலையுதிர் காலத்தையொட்டியே பாதிப்பு வந்திருந்தது. பூஞ்சை அலர்ஜி உள்ளவர்கள் இன்ஹேலரைக் கைவிடக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கேள்வி: அக்கா, அம்மாவுக்குப் பல வருட ஆஸ்துமா. இப்போது பழுப்பு நிறத்தில் கட்டிக்கட்டியாகச் சளி வருகிறது. டிபியாக இருக்குமோ?

பதில்: டிபி பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். கூடவே ஏபிபிஏ பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள் தம்பி. ஆஸ்பெர்ஜில்லஸ் மூச்சுக்குழாயிலேயே தங்கி, அலர்ஜியைத் தூண்டிக்கொண்டே இருக்கும் நோய் அது. 1952-ல் இங்கிலாந்தில் முதலில் விவரிக்கப்பட்டது. நம் நாட்டில் டிபி என்றே நினைத்து மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டவர்கள் உண்டு. மொத்த ஐஜிஇ, ஆஸ்பெர்ஜில்லஸுக்கான ஐஜிஇ, சிடி ஸ்கேன் பார்த்தால் பெரும்பாலும் தெளிவாகிவிடும். ஸ்டீராய்டு மாத்திரை அல்லது இட்ராகொனசோல் என்ற பூஞ்சை மருந்து தருவார்கள். சண்டிகரில் உள்ள பிஜிஐ மருத்துவமனை மருத்துவர்கள் இதில் முக்கியமான ஆய்வுகளைச் செய்திருக்கிறார்கள்.

கேள்வி: பாத்ரூம் சுவரில் பூசணம். பிளீச்சிங் பவுடர் போட்டால் சரியாகிவிடுமா?

பதில்: அது மட்டும் போதாது, செத்த வித்திலும் அலர்ஜிப் புரதம் இருக்கும். முதலில் நீர்க்கசிவை அடைத்துவிடுங்கள். காய்ந்த சுவரைச் சுரண்டாமல் நனைத்துத் துடையுங்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் அந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

கேள்வி: அந்தச் செல்களின் அபாயச் செய்தியையே நிறுத்த மருந்து உண்டா?

பதில்: உண்டு. அந்தச் செல்கள் விடும் இன்னொரு செய்தி டிஎஸ்எல்பி. அதைத் தடுக்கும் டெசெபெலுமாப் ஊசிக்கு 2021 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி தந்தது. ஆஸ்துமாவில், நோய் கடுமையாக உள்ளவர்களுக்கு மட்டும்தான் அது, விலையும் அதிகம். மற்றவர்களுக்கு தினசரி ஸ்டீராய்டு இன்ஹேலர் இருக்கிறது, அது இதே செல்களிலும் வேலை செய்கிறது. மூச்சு நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். குறைக்கலாமா என்று டாக்டர் சொல்லட்டும்.