80,000 ரூபாயோடு ஆப் செலவு முடியுமா?

வணக்கம் நண்பரே. மளிகைக் கடை ஆப்புக்கு 80,000 ரூபாய் கேட்கிறார்கள், அதோடு செலவு முடிந்துவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாது. ஆப்பை வெளியிடத் தேவையான கூகுள் பிளே கணக்குக்கு ஒரே முறை 25 டாலர்தான். ஆப்பிளுக்கோ ஆண்டுதோறும் 99 டாலர். அதனால் முதலில் ஆண்ட்ராய்டு மட்டும் போதும்.

பெரிய செலவெல்லாம் வெளியிட்ட பிறகுதான்: சர்வர் வாடகை, ஒவ்வொரு ஓடிபி எஸ்எம்எஸ்ஸுக்கும் காசு. புதிய ஆண்ட்ராய்டு பதிப்புகளுக்கு ஏற்ப ஆப்பைப் புதுப்பிக்கச் சொல்லிக் கூகுளும் ஆண்டுதோறும் கேட்கும். அந்த வேலைக்கு ஆப் செய்து தருபவர் எவ்வளவு வாங்குவார் என்பதை இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிளே கணக்கு உங்கள் பெயரிலும் சோர்ஸ் கோடு, அதாவது ஆப்பின் மூல நிரல், உங்கள் கையிலும் இருக்கட்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்புறம், வாடிக்கையாளர்கள் ஏற்கனவே வாட்ஸ்அப்பில்தான் ஆர்டர் தருகிறார்கள் என்றால், வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் உள்ள கேட்டலாக்கை (பொருள் பட்டியலை) முதலில் சில மாதம் ஓட்டிப் பாருங்கள். அது இலவசம்.